கணினிக் கேள்வி பதில்: வீட்டில் ஓடிய செயலி கிளவுடில் ஏன் ஓடவில்லை?

இணையச் செயலிகளைக் கிளவுடில், அதாவது இணையம் வழியாக வாடகைக்குக் கிடைக்கும் சர்வர்களில், ஏற்றுவதைப் பற்றிச் சென்ற இதழில் இரண்டு பத்திகள் எழுதியிருந்தோம். அதைப் படித்துவிட்டு, காரைக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களிலிருந்து வாசகர்கள் தங்கள் பிழைச் செய்திகளைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார்கள். ஒரே மாதிரியானவற்றை ஒன்றாகச் சேர்த்து, ஏழு கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் குடும்பம் டைல்ஸ் பட்டறை நடத்துகிறது. அறையின் நீள அகலத்தைக் கொடுத்தால் எந்தப் பூவேலையில் எத்தனை கல் வேண்டும் என்று கணக்கிட்டுச் சொல்லும் ஒரு செயலியை, ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களைச் சர்வரில் ஓட்டும் நோட் ஜேஎஸ்ஸில் எழுதினேன். என் மடிக்கணினியில் பிசகில்லாமல் ஓடுகிறது. கூகுளின் கிளவுட் ரன் என்ற சேவையில் ஏற்றினால், கன்டெய்னர் (செயலியும் அது ஓடத் தேவையானவையும் அடங்கிய பொதி) தொடங்கி 8080 போர்ட்டை (செயலி அழைப்புக்குக் காத்திருக்கும் வாசல் எண்) திறக்கவில்லை என்ற பொருளில் ஒரு செய்தி வந்து நின்றுவிடுகிறது. மூன்று நாள்களாகப் போர்ட் எண்ணை மாற்றி மாற்றிப் பார்க்கிறேன்.
— பட்டறை உரிமையாளரின் மகன், ஆத்தங்குடி

பதில்: எண்ணை மாற்றுவதை முதலில் நிறுத்துங்கள். அந்தச் செய்தி, உங்கள் செயலி குறித்த நேரத்துக்குள் வாசலுக்கு வரவில்லை என்பதை மட்டுமே தெரிவிக்கிறது. ஏன் வரவில்லை என்பது அதற்குத் தெரியாது. காரணம் லாகில், அதாவது செயலி ஓடும்போது நடப்பதை வரி வரியாகப் பதியும் குறிப்பில், இருக்கிறது. அதுவும் பெரும்பாலும் நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும் கடைசி வரியில் இராது. அதற்குப் பத்து இருபது வரிகள் மேலே, முதன்முதலாகப் பிழை என்று பதிவான இடத்தில் இருக்கும். பர்மாவிலும் மலாயாவிலும் வட்டிக்கடை நடத்திய நம் ஊர்க்காரர்கள், இறுதிக் கணக்கான ஐந்தொகையில் கணக்கு உதைத்தால் ஐந்தொகையையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருக்கவில்லை. பேரேட்டுக்கும், அங்கிருந்து அன்றாடக் குறிப்புக்கும் இறங்கிப் போய், எந்த நாளில் எந்த வரியில் முதலில் உதைக்கிறது என்று பார்த்தார்கள். லாக் என்பது செயலியின் அன்றாடக் குறிப்பு.

உங்கள் நிலைக்கு மூன்று காரணங்கள் இருக்கக்கூடும். முதலாவது, நிரலில் 3000 என்று போர்ட் எண்ணை நிலையாக எழுதியிருப்பது. கிளவுட் ரன், எந்த எண்ணில் செயலி காத்திருக்க வேண்டும் என்பதைப் 'போர்ட்' என்ற பெயருள்ள சூழல் மாறியின் (நிரலுக்கு வெளியிலிருந்து செயலிக்குக் கொடுக்கும் மதிப்பு) வழியாகச் சொல்கிறது (ஆங்கிலத்தில் நான்கு எழுத்துகளும் பெரிய எழுத்து). நீங்கள் வேறு ஏற்பாடு செய்யாவிட்டால் அது 8080. நிரல் அந்த மாறியைப் படித்து, அது இல்லாதபோது மட்டும் 3000-ஐ எடுத்துக்கொள்ளும்படி எழுத வேண்டும். ஹெரோக்கு என்ற இதே போன்ற சேவையில் இந்த எண் ஒவ்வொரு முறையும் மாறும் என்பதால், நிலையான எண்ணை எழுதியவர்கள் அங்கே ஒருபோதும் தப்ப முடியாது.

இரண்டாவது, எண் சரியாக இருந்தும் முகவரி தவறாக இருப்பது. லோக்கல்ஹோஸ்ட், அதாவது 127.0.0.1, என்ற முகவரியில் செயலி காத்திருந்தால், அதே கன்டெய்னருக்குள்ளிருந்து கூப்பிடுபவருக்கு மட்டுமே அது கதவைத் திறக்கும். நம் வீடுகளில் வளவின் (உள்வீட்டின்) கதவையெல்லாம் அகலத் திறந்து வைத்துவிட்டு முகப்புக் கதவைத் தாழிட்டுக்கொண்டு விருந்தாளி வரவில்லையே என்று காத்திருப்பதைப் போன்றது இது. 0.0.0.0 என்று கொடுத்தால் எல்லாத் திசையிலிருந்தும் வரும் அழைப்பையும் செயலி ஏற்கும். நோட் ஜேஎஸ்ஸில் முகவரியே கொடுக்காமல் விட்டால் இந்தத் தொல்லை வராது. யாரோ எழுதிய எடுத்துக்காட்டிலிருந்து 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற சொல்லோடு சேர்த்து வரியை எடுத்து ஒட்டியவர்களுக்குத்தான் வரும். பைத்தானில் ஃபிளாஸ்க் என்ற கருவித்தொகுப்பைக் கொண்டு எழுதுபவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும், ஏனெனில் அதன் சோதனைச் சர்வர் இயல்பாகவே 127.0.0.1-இல்தான் காத்திருக்கும்.

மூன்றாவது காரணத்தையே நான் அதிகம் பார்த்திருக்கிறேன்: போர்ட்டைத் திறக்கும் வரியை எட்டுவதற்கு முன்பே செயலி இறந்துவிடுகிறது. தரவுத்தளத்தின் கடவுச்சொல் உங்கள் மடிக்கணினியில், சூழல் மாறிகளை எழுதி வைக்கும் டாட் என்வி கோப்பில் இருந்திருக்கும். அந்தக் கோப்பு கிளவுடுக்குப் போயிருக்காது. அல்லது, ஓடுவதற்குத் தேவையான ஒரு தொகுப்பு, உருவாக்கும்போது மட்டும் தேவைப்படும் தொகுப்புகளின் பட்டியலில் தவறுதலாகச் சேர்ந்திருக்கும். கிளவுட் அந்தப் பட்டியலை நிறுவாமல் விட்டிருக்கும். கல்யாணத்தில் பெண்ணுக்குக் கொடுக்கும் சாமான்களைக் கரண்டி வரைக்கும் பட்டியல் எழுதி, எண்ணி ஒப்படைக்கும் ஊரில் பிறந்த நாம், ஒரு செயலியைப் புகுந்த வீட்டுக்கு அனுப்பும்போது மட்டும் அது எதையெல்லாம் நம்பி ஓடுகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார்ப்பதில்லை.

சோதிக்கும் வழியையும் சொல்லிவிடுகிறேன். கிளவுடுக்கு அனுப்பும் அதே கன்டெய்னரை, போர்ட் மாறிக்கு 8080 என்று மதிப்புக் கொடுத்து, டாட் என்வி கோப்பு இல்லாமல் உங்கள் மடிக்கணினியிலேயே, கன்டெய்னர்களை ஓட்டும் டாக்கர் என்ற மென்பொருள் மூலம் ஓட்டுங்கள். மேற்சொன்ன மூன்றில் எதுவானாலும் ஒரு நிமிடத்தில் அங்கேயே தெரிந்துவிடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஐந்து நிமிடம் காத்திருக்க வேண்டியதில்லை. இதற்கிடையில் பயப்பட வேண்டாம்: கிளவுட் ரன்னில் புதிய பதிப்பு தொடங்கத் தவறினால், முன்பு நன்றாக ஓடிய பதிப்பு தொடர்ந்து வாடிக்கையாளர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: 500, 502, 503, 504 என்று விதவிதமாக எண்கள் வருகின்றன. என் பேத்தியிடம் கேட்டால், எல்லாம் சர்வர் பிழைதான் ஐயா என்கிறாள். வேறுபாடு உண்டா?
— ஓய்வுபெற்ற வங்கி ஊழியர், காரைக்குடி

பதில்: உண்டு. உங்கள் தொழிலை வைத்தே சொல்லலாம். கிளவுடில் உங்கள் செயலிக்கு முன்னால் ஒரு கவுண்டர் ஊழியர் இருக்கிறார். வருகின்ற கோரிக்கையை வாங்கி உள்ளே அனுப்புவது அவர் வேலை. உள்ளே இருக்கும் அலுவலர் படிவத்தைப் படித்து, குழம்பி, முடியாது என்று எழுதிக் கொடுத்தால் அது 500. தவறு நிரலில் இருக்கிறது. கவுண்டர்காரர் உள்ளே போனபோது அறையில் ஆளே இல்லை, அல்லது வந்த விடை புரியும்படி இல்லை என்றால் 502. செயலி விழுந்துவிட்டது அல்லது தவறான போர்ட்டில் உட்கார்ந்திருக்கிறது. இப்போது எவரும் பணியில் இல்லை, அல்லது கூட்டம் தாங்கவில்லை என்றால் 503. கேட்டுவிட்டுக் காத்திருந்து காத்திருந்து நேரம் முடிந்துவிட்டால் 504; பெரும்பாலும் தரவுத்தளத்தில் நெடுநேரம் ஓடும் ஒரு வினவல்தான் காரணமாக இருக்கும். 502 வந்தால் செயலி உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள், 504 வந்தால் எங்கே தாமதம் என்று பாருங்கள். இரண்டுக்கும் ஒரே மருந்தாகச் சர்வரை அணைத்துப் போடுவதில் பயனில்லை.

கேள்வி: அம்மா நடத்தும் பலகாரக் கடைக்காக ஒரு வலைத்தளம் செய்தேன். என் மேக் கணினியில் எல்லாப் படங்களும் தெரிகின்றன. கோப்புகளை ஜிப் செய்து சர்வரில் ஏற்றிய பிறகு, தேன்குழல், சீப்புச்சீடை, மாவுருண்டை படங்கள் தெரிகின்றன. மனகோலமும், கொட்டானில் (ஓலைப் பெட்டியில்) அடுக்கிய பரிசுப் பொதியும் மட்டும் தெரியவில்லை, 404 (கோப்பு கிடைக்கவில்லை) என்கிறது. கோப்புப் பெயர்களைத் தமிழிலேயே வைத்திருக்கிறேன். ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டும் பார்த்துவிட்டேன்.
— கல்லூரி மாணவி, பள்ளத்தூர்

பதில்: இம்மாதம் வந்தவற்றுள் இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. தெரியாமற்போன இரண்டு பெயர்களையும் மீண்டும் பாருங்கள்: ஒன்றில் 'கோ' இருக்கிறது, மற்றொன்றில் 'கொ' இருக்கிறது. தெரிகின்ற பெயர்கள் எவற்றிலும் ஒகர, ஓகார உயிர்மெய் இல்லை. விடை அங்கேதான்.

எழுத்துகளுக்குக் கணினிக் குறியீடு தரும் யூனிகோடில் 'கொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். ககரத்தின் பின்னால் ஒகரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒரு விதம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியே இரு குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொரு விதம். திரையில் இரண்டும் ஒன்றேபோல் தெரியும். எனவேதான் நீங்கள் கண்ணால் ஒப்பிட்டுப் பயனில்லாமற்போனது. ஓகாரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே கதைதான். 'தே' என்பதிலுள்ள ஏகாரக் குறிக்கு இப்படி இரட்டை வடிவம் இல்லை, ஆகையால் தேன்குழல் தப்பித்தது. மேக் கணினிகளின் பழைய கோப்பு முறை, பெயர்களைப் பிரித்த வடிவத்தில் சேமித்தது. இன்றைய கோப்பு முறை கொடுத்த வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டாலும், தேடும்போது இரண்டையும் ஒன்றாகவே கருதுகிறது. சர்வரில் இருக்கும் லினக்ஸ் அப்படிக் கருதுவதில்லை. அதற்குப் பெயர் என்பது வெறும் பைட்டுகளின் வரிசை. ஒரு பைட் வேறானாலும் அது வேறு கோப்பு. உங்கள் படத்தின் பெயர் பிரித்த வடிவத்திலும், பக்கத்தில் நீங்கள் தட்டச்சு செய்த பெயர் சேர்த்த வடிவத்திலும் இருந்திருக்கும்.

இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் 'நார்மலைஸ்' என்ற செயற்கூறு பைத்தானிலும் ஜாவாஸ்கிரிப்டிலும் இருக்கிறது. அதைக் கொண்டு கோப்புப் பெயர்களைச் சேர்த்த வடிவத்துக்கு மாற்றிவிட்டால் சரியாகிவிடும். தளத்தில் கொட்டான் என்று தமிழில் எழுதுங்கள், தேடினால் கிடைக்கும்படி தலைப்பிலும் எழுதுங்கள். ஆனால் படக் கோப்பின் பெயரைச் சிறிய ஆங்கில எழுத்துகளிலும் எண்களிலும் வைத்துக்கொள்வதே நிம்மதி என்பது என் கருத்து. இதில் மொழிப்பற்றுக்குக் குறைவொன்றும் வந்துவிடாது.

ஆங்கிலப் பெயர் வைப்பவர்களுக்கும் இதன் தம்பியான ஒரு பிழை காத்திருக்கிறது. விண்டோஸும் மேக்கும் இயல்பான அமைப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாட்டைக் கோப்புப் பெயரில் பார்ப்பதில்லை, லினக்ஸ் பார்க்கிறது. பெயரில் எழுத்தின் அளவை மட்டும் மாற்றினால், நிரலின் பதிப்புகளைச் சேமித்து வைக்கும் கிட் என்ற மென்பொருள் அதை மாற்றமாகவே பதிவு செய்யாமற்போவதும் உண்டு. 'கிட் எம்வி' கட்டளையைக் கொண்டு மாற்றினால் பதிவாகும். இந்த ஒன்றுக்காக நானே ஓர் இரவு முழுவதும் கண் விழித்திருக்கிறேன்.

கேள்வி: கிளவுடில் சூழல் மாறிகளை அமைக்கத் தெரியாததால், டாட் என்வி கோப்பையே கிட்ஹப்பில் (கிட் பதிப்புகளை இணையத்தில் வைக்கும் தளம்) சேர்த்துவிட்டேன். செயலி ஓடுகிறது. அதில் பணம் பெறும் சேவையின் ரகசியச் சாவி இருக்கிறது. பிறகு தெரிந்து கோப்பை நீக்கிவிட்டேன். இனிக் கவலையில்லை அல்லவா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோட்டையூர்

பதில்: கவலை இருக்கிறது. அடுத்த பதிப்பில் கோப்பை நீக்கினாலும், முந்தைய பதிப்புகளின் வரலாற்றில் அது அப்படியே இருக்கும். எவரும் பின்னோக்கிப் போய் எடுத்துவிடலாம். பொதுவாகத் திறந்து கிடக்கும் களஞ்சியங்களில் சாவிகளைத் தேடுவதற்கென்றே நிரல்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கின்றன. வரலாற்றைத் துடைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இன்றே அந்தச் சேவையின் கணக்குக்குள் சென்று பழைய சாவியைச் செல்லாததாக்கிவிட்டுப் புதிய சாவி பெறுங்கள். சாவி தொலைந்தால் பூட்டை மாற்ற வேண்டும். தெருவில் விழுந்த சாவியைத் திரும்ப எடுத்து வந்தேன் என்பது போதாது, ஏனெனில் இடையில் யார் படி எடுத்தார்கள் என்று தெரியாது. புதிய சாவியைக் கிளவுட் சேவையின் அமைப்புப் பக்கத்தில் சூழல் மாறியாக ஏற்றி, டாட் என்வி என்ற பெயரை, கிட் பதிவு செய்யாமல் விட வேண்டியவற்றைப் பட்டியலிடும் கிட்இக்னோர் கோப்பில் எழுதிவிடுங்கள்.

ரியாக்ட் போன்ற கருவித்தொகுப்புகளில், உலாவியில் ஓடும் முகப்புப் பக்கங்களை எழுதுபவர்களுக்கு ஒரு சொல்: அங்கே சூழல் மாறியின் மதிப்பு, செயலியைத் தொகுக்கும் (எழுதிய நிரலை ஓடும் வடிவத்துக்கு மாற்றும்) நேரத்திலேயே கோப்புக்குள் பதிந்துவிடுகிறது. பிறகு அமைப்புப் பக்கத்தில் மதிப்பை மாற்றினாலும், மீண்டும் தொகுத்து ஏற்றும் வரை பழையதே வரும். அப்படிப் பதிந்த மதிப்பை உலாவியில் எவரும் படிக்கலாம் என்பதால், ரகசியம் எதையும் அந்தப் பக்கம் வைக்கவே கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் நகரத்தார் புள்ளிக் கணக்கையும் (மணமான ஒவ்வொரு தம்பதியும் ஒரு புள்ளி), கோயிலுக்கான புள்ளி வரி வசூலையும் பதிவு செய்ய ஒரு செயலி எழுதி ஏற்றினேன். எஸ்க்யூலைட் தரவுத்தளம். முதல் நாள் நாற்பது புள்ளிகளைப் பதிவு செய்தோம். மறுநாள் ஒரு சிறு திருத்தத்தை ஏற்றியதும் அனைத்தும் மறைந்துவிட்டன. கோயில் பொறுப்பைக் கவனிக்கும் காரியக்காரர்கள் முன்னால் தலைகுனிவாகப் போய்விட்டது.
— மென்பொருள் பொறியாளர், தேவகோட்டை

பதில்: பிழைச் செய்தியே இல்லாமல் வரும் பிழை இது, ஆகையால் மற்றவற்றைவிடக் கொடியது. எஸ்க்யூலைட் என்பது செயலியின் பக்கத்திலேயே கிடக்கும் ஒரு கோப்பு. கிளவுட் ரன், ஹெரோக்கு போன்ற சேவைகளில் செயலிக்குக் கிடைக்கும் கோப்பிடம் நிரந்தரமன்று. கல்யாணத்துக்குப் போட்ட பந்தல் போன்றது. புதிய பதிப்பை ஏற்றும்போது பழைய பந்தலைப் பிரித்துப் புதிதாகப் போடுகிறார்கள், அதற்குள் வைத்த பணப்பெட்டியும் சேர்ந்து போய்விடுகிறது. நீங்கள் எதையுமே ஏற்றாவிட்டாலும் ஹெரோக்கு நாளுக்கு ஒரு முறையாவது செயலியை மறுதொடக்கம் செய்யும். கிளவுட் ரன்னோ கூட்டத்துக்கு ஏற்பப் பிரதிகளைக் கூட்டும், குறைக்கும். பயனர்கள் ஏற்றும் படங்கள், ரசீதுகள் ஆகியவற்றுக்கும் இதே கதிதான்.

பெட்டியை வீட்டில் வையுங்கள்: கிளவுட் நிறுவனமே பராமரிக்கும் போஸ்ட்கிரெஸ் போன்ற தனித் தரவுத்தளம் ஒன்றில் கணக்கையும், பொருள் சேமிப்பிடம் (கோப்புகளை வைப்பதற்கான கிளவுட் சேவை) ஒன்றில் படங்களையும் வைத்தால், செயலியை எத்தனை முறை மாற்றினாலும் அவை அசையாது. சில சேவைகள் நிலையான வட்டு ஒன்றை இணைத்துக்கொள்ள விடும். ஒரே பிரதி ஓடுகிறது என்றால் எஸ்க்யூலைட்டை அதில் வைத்தும் சமாளிக்கலாம். கோயில் பணம் சம்பந்தப்பட்டது என்பதால், நாள்தோறும் ஒரு நகல் வேறிடத்துக்குப் போகும்படி ஏற்பாடு செய்யுங்கள். அந்த நகலிலிருந்து ஒரு முறை மீட்டுப் பார்த்த பிறகே காரியக்காரர்களிடம் மீண்டும் பேசுங்கள். அதுவரை அவர்கள் நோட்டிலும் எழுதிக்கொண்டு வரட்டும்.

கேள்வி: அரிசி ஆலைக் கணக்குச் செயலியைச் சர்வரில் தொகுக்கும்போது வேறெந்தச் செய்தியும் இல்லாமல் 137 என்ற எண்ணுடன் நின்றுவிடுகிறது.
— புதுவயல்

பதில்: நினைவகம் போதவில்லை. 137 என்பது 128-உடன் 9 சேர்ந்தது. ஒன்பதாம் எண் சமிக்ஞையால் இயங்குதளம் உங்கள் நிரலை வலுவில் நிறுத்திவிட்டது என்று பொருள். தொகுக்கும் வேலைக்கு, ஓடும் வேலையைவிடப் பல மடங்கு நினைவகம் தேவைப்படலாம். உங்கள் கணினியில் தொகுத்து முடித்து, விளைவை மட்டும் சர்வருக்கு அனுப்புங்கள். பெரிய சர்வருக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கேள்வி: பழைய வீடு ஒன்றைத் தங்கும் விடுதியாக நடத்துகிறோம். முன்பதிவுத் தளம் கிளவுடுக்குப் போனதிலிருந்து, இரவு இரண்டு மணிக்கு எவராவது 'இன்று' என்று பதிவு செய்தால் முந்தைய நாளின் பதிவேட்டில் விழுகிறது. பகலில் எல்லாம் சரியாக இருக்கிறது. பழைய சர்வரில் இப்படி ஆனதே இல்லை.
— விடுதிப் பொறுப்பாளர், கானாடுகாத்தான்

பதில்: பழைய சர்வரின் கடிகாரம் இந்திய நேரத்தில் இருந்திருக்கும். கிளவுடில் உள்ளவை பொதுவாக யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடுகின்றன. நாம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். நமக்கு ஜனவரி 14 அதிகாலை 2 மணி, பொங்கல் பானை கழுவத் தொடங்கும் முன் நேரம், சர்வருக்கோ ஜனவரி 13 இரவு 8.30. காலை 5.30 ஆனால்தான் அதற்குத் தேதி மாறும். பகலில் இரு தேதிகளும் ஒன்றாக இருப்பதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை.

நேர மண்டலத்தை ஆசியா/கொல்கத்தா என்று சூழல் மாறியில் அமைப்பது உடனடி நிவாரணம். முறையான திருத்தம் வேறு: பதிவு நடந்த கணத்தை யூடிசியிலேயே சேமித்து, காட்டும்போது மட்டும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள், விருந்தினர் வந்து தங்கும் நாளையோ நேரமே சேராத வெறும் தேதியாகச் சேமியுங்கள். ஒரு முகூர்த்த நாள் சிங்கப்பூரிலிருந்து பார்த்தாலும் அதே நாள்தான். அதைக் கணமாக மாற்றிச் சேமித்தால் எங்கோ ஓரிடத்தில் ஒரு நாள் நழுவும்.

ஏற்கெனவே தவறாக விழுந்தவற்றைக் கண்டுபிடிப்பது எளிது. யூடிசி கணக்கில் மாலை 6.30-க்கும் நள்ளிரவுக்கும் இடையே பதிவானவற்றை மட்டும் தரவுத்தளத்திலிருந்து எடுங்கள். நம் கணக்கில் அவை நள்ளிரவுக்கும் காலை 5.30-க்கும் இடைப்பட்டவை. அவற்றுள் 'இன்று' என்ற பொத்தானால் வந்தவை எண்ணிக்கையில் குறைவாகவே இருக்கும் என்பதால், நிரலால் திருத்துவதைவிட, இனி வரவிருக்கும் விருந்தினர்களைத் தொலைபேசியில் அழைத்து நாளை உறுதி செய்துகொண்டு கையால் மாற்றிவிடுங்கள்.